ஒரு கிளாஸ் டீயும் நான்கு இட்டிலியும்

பொள்ளாச்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் வியாழக்கிழமையில் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் அது தென்னந்தோப்புகளுக்கு நடுவே அடக்கமாக வீற்றிருக்கும் ஒரு பட்டணம். வியாழக்கிழமையன்று அது பெரிய சந்தை. பொழுது புலர்வதற்கு முன்பே மாடுகளை ஏற்றிய லாரிகள் வந்து நின்றுவிடுகின்றன. கொம்புக்கு வர்ணம் தீட்டிய காளைகளும், கன்றைவிட்டு அகலாத பசுக்களும் வரிசையாகக் கட்டப்படுகின்றன. தரகர்கள் ஒரு துண்டை விரித்து, அதன் மறைவில் விரலைத் தொட்டு விலை பேசுகிறார்கள். தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடக்கின்றன.

இத்தனை ஜனங்களும் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம். பெரிய ஹோட்டல்களைப் பற்றி எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். குளிர்ந்த அறையில் மெத்தை நாற்காலியில் அமர்ந்து, புஸ்தகம் போன்ற பட்டியலைப் புரட்டி, வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லி வரவழைத்துச் சாப்பிடுவது நம்மால் ஆகிற காரியமல்ல. உபாத்தியாயர் சம்பளத்துக்கு ஒத்த ஆகார சாலைகள் வேறு. இருபது வருஷங்களுக்கு மேலாக இந்தத் தாலுகாவில் உத்தியோகம் பார்த்துவரும் நாம், இட்டிலி வண்டி, மத்தியான மெஸ், பேக்கரி, அந்திக் கடை ஆகிய நான்குக்கும் நெடுநாள் வாடிக்கைக்காரர். இவ்விஷயத்தில் நமக்குள்ள யோக்கியதை அவ்வளவே.

சமீபத்தில் ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்தபடியால், ஐந்து மணிக்கே எழுந்து சந்தைப் பக்கம் நடந்தோம். முதலில் கண்ணில் பட்டது டீக்கடையின் வெளிச்சம். டீ மாஸ்டர் ஒரு கையை ஆகாயத்தை நோக்கியும் மறு கையைப் பூமியை நோக்கியும் நீட்டி ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் கண்ணாடிக் கிளாஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்பொழுதுதான் வெந்நீரில் அலசி எடுத்தவையாதலால் அவற்றின்மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது. நேயர்கள் அந்தக் கிளாஸ்களைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். பிற்பாடு அவற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

டீக்கடையை அடுத்து ஓர் இட்டிலி வண்டி. ஒரு வயோதிகரும் அவருடைய மனைவியும் அதன் சொந்தக்காரர்கள். அம்மாள் இட்டிலித் தட்டைக் கவிழ்த்து, துணியின்மேல் தண்ணீர் தெளித்து, துணியை உரித்து எடுக்கிற லாகவத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். தட்டின்மேல் வாழை இலைத் துண்டு; அதன்மேல் நான்கு இட்டிலி; ஒரு பக்கம் தேங்காய்ச் சட்டினி, ஒரு பக்கம் தக்காளிச் சட்டினி, எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் சாம்பார். சாப்பிடுகிறவர்களில் ஒருவர் மாட்டுத் தரகர். மடியில் எத்தனை ஆயிரம் இருக்கிறதோ தெரியாது. மற்றொருவர் மூட்டை தூக்குகிறவர். மூன்றாமவர் கேரளத்திலிருந்து வந்த வியாபாரி. நான்காமவர் நாம். உட்கார ஆசனம் இல்லாதபடியால் எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். சமத்துவத்துக்கு இதுவும் ஒரு வழி போலும்!

ஒரு விஷயத்தை மட்டும் அம்மாளிடம் கேட்டுவிட்டோம். சட்டினியில் தேங்காய் முன்போல் இல்லையே என்றோம். "தேங்காய் விக்கிற வெலைக்கு இதுக்கு மேல அரைச்சா, வண்டியத்தான் விக்கோணுங்க!" என்று அவர் சிரித்தார். 2025-ஆம் வருஷத்தில் தேங்காயின் விலையும் கொப்பரையின் விலையும் இதற்குமுன் கண்டிராத உயரத்துக்குப் போயின. அதனால் பொள்ளாச்சித் தோப்புக்காரர்களில் காய் வைத்திருந்தவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் வெள்ளை ஈயும் வாடல் நோயும் பல தோப்புகளில் காய்ப்பைக் குறைத்துவிட்டபடியால், விற்பதற்குக் காய் இல்லாதவர்களும் அநேகர். தேங்காய் விளையும் சீமையிலேயே சட்டினி நீர்த்துப் போவது கொஞ்சம் வேடிக்கையான விஷயந்தான். அம்மாள் மேலும் சொன்ன கணக்கு இது: இரவு மாவு அரைக்க வேண்டும், நீல நிற வியாபார சிலிண்டர் வாங்க வேண்டும், தண்டல்காரருக்கு மாலைக்குள் அன்றைய தவணை கட்ட வேண்டும். இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் குடும்பத்துக்கு. மழை பெய்தால் அதுவும் இல்லை.

பொள்ளாச்சியில் இத்தனை ஆகாரக் கடைகள் உண்டானதற்கு முக்கியமான காரணம் ஊர் அமைந்திருக்கும் இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற பெரிய வாசல் இருக்கிறது. அந்த வாசலின் இந்தப் பக்கத்துத் திண்ணை என்று பொள்ளாச்சியைச் சொல்லலாம். வறண்ட சீமையிலிருந்து மாடும் தானியமும் மேற்கே போயின. மேற்கிலிருந்து மிளகும் பாக்கும் கிழக்கே வந்தன. 1915-இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது. 1928-இல் திண்டுக்கல்லுடனும், 1932-இல் பாலக்காட்டுடனும் தண்டவாளம் இணைந்தது. ரயில் வருகிற இடத்துக்குப் பின்னாலேயே காப்பிக் கிளப்பும் வரும் என்பது தென்னாட்டு வழக்கம்.

அதற்கு முன்பெல்லாம் சந்தைக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள். புளிச்சோறும் கம்மஞ்சோறும் மூட்டையில் இருக்கும். ஆற்றங்கரையிலோ புளியமரத்தடியிலோ அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு வண்டியைப் பூட்டுவார்கள். சோற்றை விலைக்கு விற்பதே பாவம் என்று எண்ணிய காலம் அது. காசு கொடுத்துச் சோறு வாங்குகிறவனை வீடு வாசல் இல்லாதவன் என்று நினைத்தார்கள். பெண்கள் காப்பிக் கிளப்புக்குள் நுழைவது என்பதோ கனவிலும் நடவாத காரியம். நம்முடைய பாட்டியார் எண்பது வயது வரை ஜீவித்திருந்தார். ஹோட்டல் பண்டத்தைக் கையால் தொட்டதில்லை. ஆனால் தாத்தா டவுனுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவருடைய சட்டைப் பையை மோந்து பார்த்து, "மசால் தோசை!" என்று கண்டுபிடித்துவிடுவாராம்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். வெளியே பெயர்ப் பலகைகூட ஒழுங்காக இல்லை. ஒரு பழைய வீட்டின் முன் கூடத்தில் நான்கு மேஜைகள். சுவரில் 'கடன் அன்பை முறிக்கும்' என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்கு நேர் கீழே கல்லாப் பெட்டியின்மேல் கடன் கணக்கு எழுதும் நோட்டுப் புஸ்தகம்!

கொங்கு நாட்டுச் சமையலைப் பற்றி நமக்கு ஒரு நீண்ட நாள் மனக்குறை உண்டு. பெரிய ஹோட்டல்களில் வடக்கத்திப் பண்டமும் சீனத்துப் பண்டமும் கிடைக்கின்றன. இந்த மண்ணின் ஆகாரம் கிடைப்பதில்லை. அது மெஸ்களில்தான் உயிரோடு இருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதம் என்று ஒன்று. பெயரிலேயே அதன் செய்முறை அடங்கிவிட்டது. அரிசியையும் துவரம் பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் ஆகியவற்றுடன் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, சூட்டோடு நெய் விட்டுத் தட்டில் போடுவார்கள். கழனியிலிருந்து திரும்பும் பெண்கள் அரை மணியில் சமைத்துவிடக்கூடிய இந்தச் சாதம், விருந்தாளிக்குப் போட்டாலும் கௌரவம் குறையாத பதார்த்தம். கொள்ளைக் கடைந்து ஒரு பருப்பு. அதே கொள்ளு வெந்த நீரில் ஒரு ரசம். குதிரைக்குப் போடுவது என்று மற்ற ஜில்லாக்காரர்கள் பரிகசிப்பார்கள். பரிகசித்தவர்கள் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். காலை வேளையில் அபூர்வமாகச் சந்தகை கிடைக்கும். அரிசி மாவை வேகவைத்து, மர உழக்கிலோ இரும்பு அச்சிலோ இழையாகப் பிழிந்து, தேங்காய்ப் பாலும் வெல்லமும் விட்டுத் தருவார்கள். பிழிவதற்கு இரண்டு பேருடைய பலம் தேவைப்படுவதால், வீடுகளில் இது அருகிக்கொண்டு வருகிறது.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கலக்கி என்று ஒன்றை இந்தச் சீமையார் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது ஆம்லெட்டும் அல்ல, பச்சை முட்டையும் அல்ல. முட்டையைக் கொஞ்சம் குழம்புடன் கலக்கிக் கல்லில் ஊற்றி, வெந்தும் வேகாததுமாக இருக்கும்போதே மடித்துத் தட்டில் சரித்துவிடுவார்கள். ஒரு விநாடி முந்தினால் கஞ்சி. ஒரு விநாடி பிந்தினால் ஆம்லெட். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை மலைக்குப் போகும் வழியில், ஆழியாறு அணைக்கட்டின் அருகே பொரித்த மீன் விற்கும் கடைகளும் பிரசித்தமானவை. பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டத்தால் வயலுக்குத் தண்ணீர் வந்தது மட்டுமன்று, ஜனங்களின் தட்டுக்கு மீனும் வந்தது.

மெஸ்ஸில் பரிமாறிய பையனுக்கு இருபது வயதிருக்கும். ஒடிஸ்ஸாவிலிருந்து வந்தவன். "ஸார், ரசமா, மோரா?" என்று சுத்தமாகக் கேட்டான். கரும்பலகையில் அன்றைய பதார்த்தங்களின் பெயர்களை எழுதியிருந்தது யார் என்று விசாரித்தோம். அவன்தானாம்! மூன்று வருஷத்தில் கடைச் சுவரைப் பார்த்தே தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். 'கொள்ளு' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. வாத்தியார் புத்தி போகுமா? எழுந்து போய்ப் புள்ளி வைத்துவிட்டு வந்தோம். நாம் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில், இம்மாதிரிக் கடைகளில் மேஜை துடைத்தவர்கள் நம் வகுப்பில் இருக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள். 2006-ஆம் வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி முதல், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஹோட்டல்களிலும் டீக்கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் தடை விதித்தது. அதற்குப் பிறகும் சில காலம் 'அண்ணன் மகன்', 'அக்காள் மகன்' என்ற பெயரில் குழந்தைகள் மேஜை துடைத்தார்கள். இப்பொழுது நம் கண்ணில் அப்படி யாரும் படுவதில்லை. அந்த இடங்களுக்குத்தான் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வாலிபர்கள் வந்திருக்கிறார்கள்.

குறைந்த விலைக்கு வயிறார உணவு போடுவது இந்தச் சீமையில் ஒரு தர்மமாகவே நடந்து வந்திருக்கிறது. கோயமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய வடிவேலம்பாளையம் என்ற கிராமத்தில் ஒரு மூதாட்டியார் விறகடுப்பில் இட்டிலி சுட்டு, ஒன்று ஒரு ரூபாய்க்கு விற்றுவந்தார். 2019-ஆம் வருஷத்தில் தேசம் முழுவதும் அவரைப் பற்றிப் பேசிற்று. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே அந்தப் பக்கத்துக் கூலிக்காரர்களுக்கு அவரைத் தெரியும். கோயமுத்தூர் சிங்காநல்லூரில் சாந்தி சோஷியல் சர்வீஸ் என்ற தர்ம ஸ்தாபனம் நடத்தும் உணவுச் சாலையையும் சொல்ல வேண்டும். சாந்தி கியர்ஸ் தொழிற்சாலையை நிறுவிய பி. சுப்பிரமணியம் என்ற கனவான் ஏற்படுத்தியது அது. சுத்தம், ருசி, மலிவு மூன்றும் ஒரே இடத்தில் சேராது என்று சொல்லுகிறவர்களை நாம் அங்கே அழைத்துப் போவது வழக்கம். அவர் 2020 டிசம்பரில் காலமானார். சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகங்கள் தொடங்கப்பட்டபோது இட்டிலி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். பிறகு மற்ற நகரங்களுக்கும் அவை பரவின.

ஆனால் தர்மமும் சர்க்கார் பணமும் பின்னால் இல்லாமல், தன் கைமுதலை மட்டும் நம்பி ஒரு சிறு கடைக்காரர் மலிவாகப் போடுவதுதான் அதிசயம். 2020 மார்ச்சு 25-ஆம் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தபோது அவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. வீட்டில் அடுப்பு இருக்கிற நாம் எல்லோரும் எப்படியோ சமாளித்தோம். லாரி டிரைவர்களும் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவர்களும் மெஸ்கள் மூடியபோதுதான், தங்களுக்குச் சமையலறை என்று ஒன்று இல்லை என்பதை உணர்ந்தார்கள்.

மாலையில் பேக்கரி. கொங்கு நாட்டில் பேக்கரி என்பது ரொட்டி விற்கும் இடம் மட்டுமன்று; அது ஊர்ச் சாவடி. கல்யாணம் பேசி முடிப்பது, நிலம் கிரயம் பேசுவது, தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று தீர்மானிப்பது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. ஒரு கிளாஸ் டீ, ஒரு தேங்காய் பன் அல்லது முட்டை பப்ஸ், கொஞ்சம் வறுக்கி. சொற்பக் காசில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். டீக்கடை பெஞ்சு ஆண்பிள்ளைகளின் ராஜ்யம். பேக்கரியிலோ கல்லூரிப் பெண்கள் தாங்களாகவே வந்து, காசு கொடுத்து, சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். பாட்டியார் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ! மசால் தோசையின் வாசனையை அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்தவருக்கு, தாமும் ஒருநாள் போய்ச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

பன் என்றதும் ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது. 2024 செப்டம்பரில் கோயமுத்தூரில் நடந்த ஒரு கூட்டத்தில், ஹோட்டல்காரர் ஒருவர் மத்திய நிதி மந்திரியின் முன்னிலையில் எழுந்து, வெறும் பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீமை வைத்தால் 18 சதவிகிதம் வரி. ஆகையால் வாடிக்கைக்காரர்கள் கிரீமைத் தனியாகக் கொடு, நாங்களே வைத்துக்கொள்ளுகிறோம் என்கிறார்கள் என்று முறையிட்டார். சபையோர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கெங்கோ போய் விவகாரமாகி ஓய்ந்தது வேறு கதை.

இப்பொழுது அந்தக் கிளாஸ் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் தேசத்தில் சாப்பாடு என்பது ஒருநாளும் வெறும் சாப்பாடாக இருந்ததில்லை. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு 1941-இல்தான் ஒழிந்தது. சுயராஜ்யத்துக்குப் பாடுபட்ட பெரியோர்களே பந்தியில் இடறி விழுந்ததுண்டு. சேரன்மாதேவியில் வ.வே.ஸு. ஐயர் நடத்திய தேசிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாக உணவு அளித்த விஷயம், 1924, 25-ஆம் வருஷங்களில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே கலக்கிற்று. 1934-ஆம் வருஷம் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்பு யாத்திரையாகக் கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்தார். 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்ற வேண்டுமென்று பெரியார் மறியல் தொடங்கினார். அது பல மாதங்கள் நடந்தது. பலகைகள் மாறின. ஆனால் கிராமத்து டீக்கடையில் பலகையே கிடையாது. அங்கே இருந்தது கிளாஸ்.

இரட்டைக் குவளை என்று அதற்குப் பெயர். மற்றவர்களுக்கு ஒரு வகைக் கிளாஸ். தாழ்த்தப்பட்டவர்களுக்கு வேறு வகை. அவர்கள் குடித்துவிட்டுத் தாங்களே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. நம்முடைய கோயமுத்தூர் ஜில்லாக் கிராமங்களின் பெயர் இவ்விஷயத்தில், இந்த நூற்றாண்டிலும் பத்திரிகைகளில் அடிபட்டிருக்கிறது. சட்டம் இல்லாமல் அல்ல. 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆவது பிரிவோ கடைகள், பொது உணவு விடுதிகள், ஹோட்டல்கள் என்று பெயர் சொல்லியே, அங்கே ஜாதியின் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் நுட்பமாகப் போய், உணவு விடுதியில் பொது ஜனங்களின் உபயோகத்துக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பற்றியே பேசுகிறது. டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்கு டீக்கடைக் கிளாஸின் விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நமக்குத்தான் தெரியவில்லை. நாம் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், இந்தத் தாலுகாவின் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருந்தோம். ஒரு நாள் பொள்ளாச்சியில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் நம் மாணவர்கள் இருவர் பரிசு பெற்றார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும், சந்தோஷ மிகுதியால் இருவரையும் ஊர் டீக்கடைக்கு அழைத்துப் போய், மூன்று டீ சொன்னோம். நாம் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு பையன் நம் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவன், முதற்பரிசு வாங்கியவன், நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொன்னோம். "பரவாயில்லீங்க ஸார்" என்றான். நமக்கும் அந்தப் பையனுக்கும் கண்ணாடிக் கிளாஸில் டீ வந்தது. நின்றவனுக்குப் பிளாஸ்டிக் குவளையில் வந்தது. கிளாஸ் கழுவாமல் இருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டு, நாம் டீயைக் குடித்தோம். பந்தயத்தைப் பற்றி ஏதோ பேசிச் சிரிக்கவும் செய்தோம். குடித்து முடித்துக் காசு கொடுக்கும்போதுதான், தட்டில் கழுவிய கிளாஸ்கள் பத்துப் பன்னிரண்டு கவிழ்த்திருந்ததைப் பார்த்தோம். பையன் காலிக் குவளையைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு, நம் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று நாம் கடைக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஊருக்குப் புதியவர், வாடகை வீட்டில் இருப்பவர் என்று நமக்கு நாமே ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டோம். அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டதுதான் நாம் செய்த மகத்தான காரியம். வகுப்பில் அரசியல் சட்டப் பாடம் வந்தபோது 17-ஆவது பிரிவை வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

அந்தப் பிளாஸ்டிக் குவளையின் சாமர்த்தியமே சாமர்த்தியம்! இரண்டு வகைக் கிளாஸ் இருந்தால் போலீஸ்காரர் வந்து பார்க்கலாம், புகைப்படம் எடுக்கலாம். ஒரு முறை குடித்துவிட்டு எறிகிற குவளைக்குச் சாட்சி ஏது? சுகாதாரம் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். பல இடங்களில் பழைய வழக்கம் இந்தப் புதிய வேஷத்தில் நடமாடிற்று. 2019 ஜனவரி 1-ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் குவளையும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அந்த ஜாபிதாவில் சேர்ந்தவை. மண்ணும் நீரும் கெடாமல் இருப்பதற்காகச் செய்த உத்தரவு அது. கிளாஸ் விஷயத்தை உத்தேசித்துச் செய்ததல்ல. அதை எல்லோரும் முழுமையாக அனுசரிக்கிறார்கள் என்றும் சொல்லுவதற்கில்லை. இருந்தாலும் பல கடைகளில் கண்ணாடிக் கிளாஸ் திரும்பி வந்தது.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய வியாதியன்று. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் உல்வொர்த் என்ற பெரிய கடை இருந்தது. நீக்ரோ மக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பர்கள் அங்கே பற்பசை வாங்கலாம், நோட்டுப் புஸ்தகம் வாங்கலாம். சிற்றுண்டி மேஜையில் உட்கார்ந்து காப்பி குடிக்க மட்டும் கூடாது. 1960-ஆம் வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி நான்கு கல்லூரி மாணவர்கள் அந்த மேஜையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலை மாதத்தில் கடைக்காரர்கள் இணங்கினார்கள். அந்த மாணவர்கள் கேட்டது தானம் அல்ல. காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அவர்கள் நால்வருக்கும் அப்போது நம் பழைய மாணவர்களைவிடச் சில வயதே அதிகம்.

பேக்கரியில் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "ஸார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தோம். முதற்பரிசுக்காரன்! அவன் என்று எழுதக் கூடாது. முப்பத்தைந்து வயதான கிருகஸ்தர். இளநீர் லாரி ஓட்டுகிறார். பொள்ளாச்சி இளநீரை வெளி மாகாணங்களுக்கு ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, வியாழக்கிழமை காலையில்தான் திரும்பியிருக்கிறார். நமக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு டீயும் இரண்டு தேங்காய் பன்னும் சொன்னார். குழந்தைகளைப் பற்றிப் பேசினார். டீசல் விலையைப் பற்றிப் பேசினார். மூத்த பெண் எட்டாவது படிக்கிறாளாம். ஓட்டத்தில் அவளும் கெட்டிக்காரியாம்.

நெடுநேரம் தயங்கிவிட்டு, அந்த ஊர் டீக்கடை இப்பொழுது எப்படி இருக்கிறது என்று கேட்டோம். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"இப்ப எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தானுங்க ஸார். பழைய ஆளு போயிட்டாரு, மகன்தான் பாத்துக்கறாரு. ஆனா பெருசுக யாரும் உள்ள போயி உக்கார மாட்டாங்க. வெளியவே நின்னு குடிச்சுட்டுப் போயிருவாங்க. வேண்டாம்னு யாரும் சொல்றதில்லீங்க. இவங்களா போறதில்லை."

"நீ?" என்று கேட்டுவிட்டோம். பழைய வாத்தியார் வாய், ஒருமை வந்துவிட்டது.

"நான் போயி உக்காருவனுங்க. மொத நாள் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. நான் பேப்பர் படிச்சுட்டு டீயைக் குடிச்சுட்டு வந்தனுங்க. காசு குடுக்கறனுங்கல்ல, ஸார்?"

அன்றைக்கு நாம் பேசாமல் இருந்தது தப்பு என்று சொன்னோம். இருபது வருஷமாகச் சொல்ல நினைத்த வாக்கியம். சொல்லி முடித்தபோது மிகவும் சிறியதாக இருந்தது. அவர் பன்னைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். "அதை விடுங்க ஸார். அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்த வாத்தியாரு நீங்க ஒருத்தர்தான்" என்றார். அது நம்மைச் சமாதானப்படுத்தவா, வேறெதற்கா என்று இன்னமும் நமக்குத் தெளிவாகவில்லை.

காசு கொடுக்க நாம் சட்டைப் பையில் கைவிட்டோம். அவர் அதற்குள் எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டார். ஒடிஸ்ஸாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த மற்றொரு வாலிபன் எங்கள் மேஜைக்கு வந்து, இரண்டு கிளாஸ்களையும் ஒரே கையில் விரலிடுக்கில் கோத்து எடுத்துக்கொண்டு போனான். உள்ளே வெந்நீரில் அவை ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. வெளியே சந்தை கலைந்துகொண்டிருந்தது. விலை போகாத மாடுகளைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.